நாலணாப் படிப்பு

என் தாத்தா எழுதிப் பழகியது மணலில். திண்ணையில் பரப்பிய ஆற்று மணலில் ‘அ’ போட்டுப் போட்டு ஆள்காட்டி விரல் நுனி கன்றிப்போகும். ராத்திரி அவர் ஆத்தா விளக்கெண்ணெய் தடவிவிடுவார்களாம். சிலேட்டு, நோட்டு என்று காசு செலவில்லை. பெரிய பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். செலவென்றால் வாத்தியார் ஒருவர்தான். அவருக்கு வீட்டுக்கு வீடு கொடுக்கும் நெல், காசு. நவராத்திரியில் பையன்கள் கோலாட்டம் அடித்துப் பாடி வாங்கிவரும் சில்லறை.

இந்தச் சிக்கனம்தான் சென்னையில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல்லின் கண்ணில் பட்டது. 1797இல் அவர் அச்சிட்ட சிறு நூல் வழியாக மணலும் சட்டாம்பிள்ளை முறையும் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குக் கப்பலேறின.

நான் 31 வருடம் அரசுத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள். சாக்பீஸுக்கும் கணக்கெழுதிப் பழகிய கை. கவர்னர் தாமஸ் மன்றோ 1826 மார்ச்சில் எழுதிய கல்விக் குறிப்பையும் பேனாவும் தாளுமாகத்தான் படித்தேன். சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். பிள்ளைக்கு மாதம் 4, 6 அல்லது 8 அணா. 25 பிள்ளைகள் நாலணா வீதம் கொடுத்தால் 6 ரூபாய் 4 அணா. வாத்தியார்களின் வருமானம் ஆறேழு ரூபாய்தான் என்று மன்றோவும் எழுதுகிறார். அந்தக் காசுக்குத் தேர்ந்த ஆள் வரமாட்டார் என்பது அவர் கவலை.

வீட்டிலேயே உறவினரிடமோ தனி வாத்தியாரிடமோ படித்தவர்கள் வேறு. சென்னை நகரத்தில் பள்ளிக்குப் போனவர்களைவிட அவர்கள் ஐந்து மடங்கு என்று வந்த கணக்கில் மன்றோவுக்கே சந்தேகம். ஆனாலும் வீட்டுப் படிப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

அவர் போட்ட திட்டம் இது: தாசில் பள்ளிகள் 300, வாத்தியாருக்கு மாதம் 9 ரூபாய், கலெக்டர் பள்ளிகள் 40, அங்கே 15 ரூபாய், புத்தகச் சங்கத்துக்கு மாதம் 700. வருடத்துக்கு மொத்தம் 48,000 ரூபாய். அதை அன்று படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கிட்டுப் பார்த்தேன். தலைக்கு நாலணா வந்தது. ஏழைத் தகப்பன் ஒரு மாதத்துக்குக் கொடுத்ததை ஆட்சி ஒரு வருடத்துக்குக் கொடுக்க நினைத்திருக்கிறது! அதுவும் நிலைக்கவில்லை. அடுத்த வருடமே மன்றோ காலராவில் இறந்தார். 1836இல் அந்தப் பள்ளிகள் மூடப்பட்டன.

திண்ணைப் படிப்பைப் புகழ்ந்து பேசுவோர் இன்று நிறையப் பேர். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் பெற்றவர் காசில் நடந்த படிப்பு, காசில்லாத வீட்டுப் படியேறவில்லை. தாழ்த்தப்பட்டவர் பிள்ளைக்குப் பல ஊர்களில் திண்ணையே கிடையாது. 1,88,650 பேரில் பெண்கள் 4,540.

தாத்தாவின் அக்கா தூணோரம் நின்று காதால் கேட்டே எண்சுவடியை மனப்பாடம் செய்தவர். எழுதத்தான் தெரியாது. அடுப்படிச் சுவரில் கரிக்கோடு இழுத்து வைப்பார். மாதக் கடைசியில் பால்காரரை அங்கேயே நிற்கவைத்து, கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டுக் கணக்கு முடிப்பார்.