ஏறும்போது வாணம், இறங்கும்போது பருந்து

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டதும், "ஹாஸ்டல் சாம்பார் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "அதை ஏற்கெனவே பத்துப் பேர் எழுதிட்டாங்க சார், நீங்க ஏதாவது உருப்படியா எழுதுங்க" என்றார். ஆகவே, இயந்திரவியல் மாணவனாக இருந்த காலம் முதல் என்னை விடாமல் பிடித்திருக்கும் ஒரு விஷயத்தின் வரலாற்றைச் சொல்கிறேன். அதுதான் மாதிரி ராக்கெட் கிளைடர். கிளம்பும்போது ராக்கெட், மருந்து தீர்ந்ததும் இறக்கையின் பலத்தில் மிதந்து இறங்கும் கிளைடர்.

ராக்கெட்டும் கிளைடரும் சேர்ந்த கதை பழையது. 1928 ஜூன் 11 அன்று ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில், அலெக்சாண்டர் லிப்பிஷ் வடிவமைத்த 'என்டே', அதாவது 'வாத்து', என்ற கிளைடரில் கருமருந்து ராக்கெட்டுகளைப் பொருத்தி ஃபிரிட்ஸ் ஷ்டாமர் பறந்தார். ஆள் ஏறிப் பறந்த முதல் ராக்கெட் விமானம் அதுவே. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் பறந்து பத்திரமாக இறங்கியது. அடுத்த தடவை ராக்கெட் வெடித்து விமானம் தீப்பிடித்தது. ஷ்டாமர் எப்படியோ அதைத் தரையிறக்கி உயிர் தப்பினார். ராக்கெட் என்றால் கூடவே ஆபத்தும் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த ஆபத்தை மாணவர் கைக்கு எட்டாமல் ஒதுக்கி வைத்தவர் யார் தெரியுமா? ஒரு செருப்புக் கடைக்காரர்! அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம் நார்ஃபோக் ஊரில் ஷூ கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், பொழுதுபோக்காக வாணவேடிக்கை செய்பவர். அவர் சகோதரர் ராபர்ட் விமான மாதிரிகள் செய்பவர். ராக்கெட் பறக்கும் விதத்தை விளக்க அவருக்கு ஒரு மாதிரி தேவைப்பட்டது. 1954-இல் ஆர்வில் செய்து கொடுத்தார். காகிதக் குழாய் உடல், மாற்றிப் போடக்கூடிய என்ஜின், இறங்குவதற்குப் பாராசூட். உலோகம் கிடையாது என்பதுதான் அதன் சிறப்பு.

1957-இல் வொயிட் சாண்ட்ஸ் ராக்கெட் தளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன், ராக்கெட் பாதுகாப்பு பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த கார்லைல் தம் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பி வைத்தார். அதே ஆண்டு அக்டோபர் 4-இல் ஸ்புட்னிக் பறந்ததும், அமெரிக்கப் பையன்கள் இரும்புக் குழாயில் தீக்குச்சி மருந்தையும் துத்தநாகம்-கந்தகத்தையும் அடைத்து ராக்கெட் விடக் கிளம்பிவிட்டார்கள். விரல்கள் போயின, கண்கள் போயின, உயிர்களும் போயின. நம்ம ஊரில் மட்டும் என்ன? எங்கள் தெருப் பையன் ஒருவன் தீபாவளி மருந்தைச் சைக்கிள் பம்புக் குழாயில் இடித்து அடைத்து இரண்டு விரலை இழந்தான். இன்றைக்கும் அவன் இடது கையால்தான் எழுதுகிறான். ஆலையில் செய்த என்ஜின், காகித உடல், தள்ளி நின்று மின்சாரத்தால் பற்றவைத்தல் என்று ஸ்டைன் வகுத்த முறைகளின் அருமை அவனைப் பார்த்தால்தான் புரியும்.

ஆலை என்ஜினைச் சாத்தியமாக்கியவர் டென்வரைச் சேர்ந்த வெர்ன் எஸ்டெஸ். அவர் கட்டிய 'மேபல்' என்ற யந்திரம் ஐந்தரை விநாடிக்கு ஒரு என்ஜின் செய்து தள்ளியது. என்ஜினின் மேல் ஏ8-3 என்று அச்சிட்டிருக்கும். 'ஏ' என்பது மொத்த உந்தம், அதிகபட்சம் 2.5 நியூட்டன்-விநாடி. 8 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 3 என்பது மருந்து தீர்ந்தபின் சிறு வெடி ஒன்று முன்பக்கம் 'டப்'பென்று அடிக்கும்வரை ஆகும் விநாடிகள்.

இனி கிளைடருக்கு வருவோம். அட, ராக்கெட்டில் இறக்கை ஒட்டினால் போதாதா? போதாது! ராக்கெட் நேராக ஏற வேண்டுமானால் எடை மையம் முன்னால் இருக்க வேண்டும். கிளைடர் மிதக்க அது இறக்கையை ஒட்டிச் சற்றுப் பின்னால் வர வேண்டும். இன்னொரு வம்பு: தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். மிதக்கும் வேகத்தைப் போல ஐந்து மடங்கில் ஏறினால் இருபத்தைந்து மடங்கு தூக்கும். வண்டி கரணம் போட்டுத் தரையில் குத்தும்.

1961-இல் ஜான் ஷுட்ஸும் எஸ்டெஸும் ஒரு வழி கண்டார்கள். என்ஜின் உள்ளே இருக்கும்வரை இறக்கையின் பின்மடிப்புகளை அது அமுக்கிப் பிடித்திருக்கும். அந்தச் சிறு வெடி என்ஜினை வெளியே தள்ளியதும், ரப்பர் நூல் மடிப்புகளை லேசாக மேலே தூக்கும். எடையும் மாறியது, வடிவும் மாறியது, ராக்கெட் கிளைடராயிற்று! 1963-இல் லாரி ரெங்கர் என்ஜினை மூக்குப் பக்கம் வைத்தார். முன்பாரத்தோடு ஏறி, உச்சியில் அந்தப் பாரத்தைக் கழற்றிவிட்டு மிதக்கும் வகை இதிலிருந்து வளர்ந்தது.

சும்மா சொல்லக்கூடாது, பெரியவர்களுக்கும் இதே தலைவலிதான். 1981 முதல் 2011 வரை பறந்த அமெரிக்க விண்வெளி ஓடம், ராக்கெட்டாக ஏறி என்ஜின் பலமின்றிக் கிளைடராகத்தான் இறங்கியது. நம் இஸ்ரோவின் ஆர்.எல்.வி.-டி.டி. 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து திட எரிபொருள் பூஸ்டரின் தலையில் ஏறிப்போய், சுமார் 65 கி.மீ. உயரத்திலிருந்து வங்கக் கடலை நோக்கி மிதந்து இறங்கியது. 2023 ஏப்ரல் 2 அன்று அவ்வகைக் கலம் ஒன்று, ஹெலிகாப்டரிலிருந்து விடப்பட்டு, சித்ரதுர்கா அருகே ஓடுதளத்தில் தானாகவே தரையிறங்கியது.

இளைய மாணவர்களே, நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனால் மருந்து இடிக்க வேண்டாம்; உரிமம் இல்லாமல் செய்வது சட்டப்படியும் குற்றம். ஒரு பால்சா பலகை, கொஞ்சம் பசை, மூக்குக்குக் களிமண், ஓர் உண்டிவில் ரப்பர் போதும். என்.சி.சி. விமானப் பிரிவில் நாங்கள் செய்தது அதுதான். ரப்பரை மெதுவாக இழுத்துவிட்டால் அழகாக மிதக்கும். பலமாக இழுத்தால் கரணம் போடும். எஸ்டெஸும் ரெங்கரும் மல்லுக்கட்டிய கணக்கு அந்தக் கரணத்துக்குள் அடங்கியிருக்கிறது. அதைத் தீர்க்கப் பத்து விரலும் வேண்டும். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்!