பிப்ரவரி 30-ஐயும் வாங்கிக்கொண்ட பதிவேடு

இந்த வாரம் ஒரு மென்பொருளின் வரலாற்றைப் படித்தேன். கணினித் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

பெயர் மைஎஸ்க்யூஎல். 1995-இல் ஸ்வீடனில் பிறந்தது. உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தன் மகள் ‘மை’யின் பெயரை அதற்கு வைத்தார். கட்டம் போட்ட பெரிய பதிவேடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேகமானது, இலவசமாகவும் கிடைத்தது. எத்தனையோ இணையதளங்கள் அதை நம்பி எழுந்தன.

அதன் பழைய பதிப்புகளுக்கு ‘முடியாது’ என்று சொல்லவே வராது. பிப்ரவரி 30 என்றால் அப்படியே எழுதிக்கொள்ளும். 127 வரை பிடிக்கும் கட்டத்தில் 300 போட்டால் 127 என்று பதியும். பத்தெழுத்துக் கட்டத்தில் பாலசுப்பிரமணியனை ஆங்கிலத்தில் எழுதினால் ‘பாலசுப்ரம்’ என்று வெட்டி நிறுத்தும். ஓர் எச்சரிக்கையை ஓரமாக வைத்திருக்கும், கேட்டால்தான் காட்டும்.

படித்ததும் கோபம் வந்தது. ஆனால் காரணம் இருந்தது. அன்று அதற்கு எழுதியதை ரத்து செய்து பின்வாங்கும் வசதி இல்லை. 100 பேரைச் சேர்க்கும்போது 51-ஆவது பெயரில் நிறுத்தினால், 50 பேர் உள்ளே, 50 பேர் வெளியே. அதைவிட ஏதோ ஒன்றை எழுதி முடிப்பது மேல் என்று கருதினார்கள்.

பின்வாங்கும் வசதி வந்த பிறகு, 2005-இல் கண்டிப்பு முறையும் வந்தது, விரும்பினால் மட்டும். அது இயல்பு நிலையானது 2015-இல், 5.7 பதிப்பில். பழைய தளர்வை நம்பி எழுதிய நிரல்கள் அதற்குள் குவிந்திருந்தன. பலர் கண்டிப்பை அணைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தார்கள்.

இதைவிடப் பெரிய குற்றமாக எனக்குப் படுவது வேறு. ‘வயது பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது’ என்று நிபந்தனை எழுதினால் தலையாட்டி வாங்கிக்கொள்ளும், ஆனால் எதையும் சோதிக்காது! 2019-இல், 8.0.16 பதிப்பில்தான் சோதிக்கத் தொடங்கியது. அதுவரை, எழுதியவர் காவல் இருக்கிறது என்று நம்பி அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

(நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குப் பள்ளியில் சேர்த்த வாத்தியார் குறித்த தேதிதான் பிறந்தநாள். அதை எந்தக் கண்டிப்பான மென்பொருளும் வாங்கிக்கொள்ளும். இருக்கக்கூடிய தேதியா என்றுதான் அதற்குப் பார்க்கத் தெரியும்.)

அன்று வெட்டுப்பட்ட பெயர்கள் புதிய பதிப்புக்கு மாறினாலும் வளராது. வெட்டிய எழுத்துகளை அது எங்கும் வைத்திருக்கவில்லை. வங்கி, ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இருந்தால், அப்படிப்பட்ட பெயர்களை என்ன செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.