முடிச்சூர் வெள்ளமும் மூன்றாம் நபரும்: வாகன இன்சூரன்ஸின் கதை

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை மீறியது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீடுகளின் தரைத்தளமே மூழ்கியது என்றால், வாசலில் நின்ற கார்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தண்ணீர் வடிந்ததும் கார் வைத்திருந்தவர்கள் தேடியது இன்சூரன்ஸ் பேப்பரைத்தான். பாலிசி இருக்கிறது, பிரீமியம் கட்டியாயிற்று, சட்டப்படி எல்லாம் சரி... ஆனால் காருக்கு ஒரு ரூபாய்கூட வராது! "தேர்டு பார்ட்டி" மட்டும் எடுத்திருந்தவர்களின் நிலை இதுதான்.

இது கம்பெனிகள் செய்த தந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே மோட்டார் வண்டிகள் பெருகியபோது ஒரு சிக்கல் வந்தது. அடிபட்டவர் வழக்குப் போட்டு ஜெயித்தாலும், இடித்தவரிடம் பணம் இல்லாவிட்டால் தீர்ப்பு வெறும் காகிதம். அதனால் 1930இல் அந்த நாடு, அடிபடும் மூன்றாம் நபருக்காக வண்டிக்காரர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. (அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927இலேயே இதை அமலாக்கிவிட்டது. அங்கே இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. நம் நாட்டில் எல்லா மாநிலத்துக்கும் ஒரே விதி.) பிரிட்டிஷ் இந்தியாவின் 1939 மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்த அத்தியாயம் இடம்பெற்றது. ஆனால் உடனே அமலாகவில்லை. 1946 ஜூலை 1 முதல்தான் காப்பீடு கட்டாயமானது.

ஆக, சட்டம் கேட்கும் காப்பீடு காருக்கானது அல்ல. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும் யாரோ ஒருவருக்கானது. சொந்தக் காருக்கு எடுப்பது அவரவர் விருப்பம். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

ஆரம்பத்தில் அடிபட்டவர் சிவில் கோர்ட்டுக்குப் போய், கோர்ட் ஃபீஸ் கட்டி, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1956 திருத்தம் இதற்கென்றே தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி செய்தது. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஸ்மால் காசஸ் கோர்ட்டுக்கு இந்த வேலை உண்டு. 1982இல் இன்னொரு படி: யார் மீது தப்பு என்று நிரூபிக்காமலேயே, மரணத்துக்கு 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றார்கள். 1994இல் அது 50,000 ஆனது. 2019இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, 2022 ஏப்ரல் முதல் தப்பை நிரூபிக்காமல் கேட்கும் இழப்பீடு மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம்.

பிரீமியத்தின் கதை தனி. 1973 ஜனவரி 1 அன்று 107 கம்பெனிகள் நாட்டுடைமையாகி நான்காகச் சுருங்கின. அந்த நான்கில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னை. பிறகு பல வருடம் எந்தக் கம்பெனியில் கேட்டாலும் ஒரே விலை; டாரிஃப் புத்தகம் சொன்னதுதான் வேதம். 2000க்குப் பின் தனியார் வந்தும் புத்தகம் மாறவில்லை. 2007 ஜனவரி 1 முதல்தான் சொந்த வண்டிச் சேதத்துக்கான கட்டணத்தைக் கம்பெனிகளே தீர்மானிக்கலாம் என்றானது. தேர்டு பார்ட்டிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 2022 ஜூனில் மத்திய அரசு நிர்ணயித்தபடி 1000 சி.சி.க்குள் உள்ள காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. இதில் பேரம் கிடையாது.

பேரம் எல்லாம் மற்ற பாதியில்தான். அதற்கு அடிப்படை ஐ.டி.வி. எனப்படும் வண்டியின் மதிப்பு. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழியும், ஐந்தாம் வருடத்தில் 50 சதவீதம். ஐ.டி.வி.யைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் குறையும்தான். வண்டி திருட்டுப் போனால் கிடைப்பதும் குறையும். பதிவு செய்த ஊரும் கணக்கில் வரும். பழைய டாரிஃபில் சென்னை 'ஏ' மண்டலம். சிறிய புதுக் காருக்கு அங்கே 3.127 சதவீதம், 'பி' மண்டலத்தில் 3.039. வேடிக்கை என்னவென்றால், வண்டி ஓடும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை. விழுப்புரத்தில் பதிவான டி.என். 32 கார் தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஓடினாலும் 'பி' மண்டலக் கார்தான்!

நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். அது காருக்குச் சேராது, ஆளுக்குச் சேரும். பழைய காரை விற்றாலும் புதுக் காருக்கு எடுத்துப் போகலாம். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் எல்லாம் போச்சு. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். மாற்றாவிட்டாலும் தேர்டு பார்ட்டி பகுதி தானாக மாறிவிடும். சொந்தச் சேதத்துக்கான பகுதி மாறாது. இங்கேயும் சட்டத்தின் கவலை வெளியாளைப் பற்றித்தான்.

முதல் வருடம் ஷோரூமில் எடுத்ததோடு சரி, அப்புறம் புதுப்பிப்பதே இல்லை என்பது பழைய நோய். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் போட்ட பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018இல் இதற்கு மருந்து கொடுத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருடம், புது பைக்குக்கு ஐந்து வருடம் தேர்டு பார்ட்டியை மொத்தமாக எடுக்க வேண்டும்.

காருக்குள் இருப்பவர்? 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அப்படி ஒரு வழக்கு வந்தது. காரில் பயணம் செய்து இறந்தவரின் குடும்பத்துக்குத் தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்கச் சொல்லியிருந்தது. ஆனால் இருந்தது தேர்டு பார்ட்டி பாலிசி. அது உள்ளே இருப்பவரைக் காக்காது என்பதால் நீதிபதி எஸ்.வைத்தியநாதன் அந்த உத்தரவை ரத்து செய்தார். கூடவே, புது வண்டிகளுக்கு ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் எல்லோரையும் சேர்த்து ஐந்து வருடம் "பம்பர் டு பம்பர்" காப்பீடு கட்டாயம் என்றார். நடைமுறைச் சிக்கல்களைக் கம்பெனிகள் எடுத்துச் சொல்ல, செப்டம்பர் 13 அன்று அது திரும்பப் பெறப்பட்டது.

திரும்பவும் முடிச்சூருக்கு வருவோம். ஃபுல் கவர் எடுத்தவருக்கு வெள்ளச் சேதம் கிடைக்கும். ஆனால் நீரில் நின்ற காரில் சாவியைத் திருப்பினால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராட் வளையும். அது வெள்ளத்தால் வந்த சேதம் அல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று கம்பெனி மறுக்கலாம். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் அதற்காகவே விற்கப்படுகிறது. 2024 அக்டோபரில் கனமழை அறிவிப்பு வந்தவுடன் வேளச்சேரிக்காரர்கள் அதைவிடச் சுலபமான வழியைக் கையாண்டார்கள். மேம்பாலத்தின் ஓரமாகக் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போனார்கள்.