பூசான்: நில அமைப்பும் நிர்வாகப் பிரிவுகளும்

பூசான், கொரியத் தீபகற்பத்தின் தென்கிழக்கு முனையில் கொரிய நீரிணையை நோக்கி அமைந்துள்ள துறைமுக நகரம். மக்கள்தொகையில் தென்கொரியாவில் சியோலுக்கு அடுத்த நிலையில் இருப்பது. ஏறத்தாழ 770 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 33 லட்சம் பேர் வாழும் இந்நகரம் மாகாணத்துக்கு இணையான தகுதி பெற்றது. 'கு' எனப்படும் 15 நகர்ப் பிரிவுகளும், 'குன்' எனப்படும் ஊரகப் பிரிவு ஒன்றும் இதில் அடங்கும்.

நகரின் வடக்கே 801 மீட்டர் உயரமுள்ள கும்ஜோங் மலை நிற்கிறது. இதைச் சார்ந்த மலைத்தொடர்கள் கடற்கரை வரை இறங்கி வருவதால், குடியிருப்புகள் குறுகிய பள்ளத்தாக்குகளிலும் கரையோரச் சமதரைகளிலும் நீண்டு பரவின. மேற்கே நாக்டோங் ஆறு கடலில் கலக்குமிடத்தில் மட்டுமே அகன்ற கழிமுகச் சமவெளி காணப்படுகிறது.

சோசன் அரச காலத்தில் ஆட்சி மையம் இன்றைய துறைமுகத்தில் இல்லை. உள்நாட்டில், மதில் சூழ்ந்த தோங்நே நகரில் இருந்தது. கடலோரத்தில் ஜப்பானிய வணிகர்கள் தங்குவதற்கென வரையறுக்கப்பட்ட குடியிருப்பு 1678இல் சோர்யாங் பகுதிக்கு மாற்றப்பட்டது. 1876இல் காங்ஹ்வா உடன்படிக்கையால் துறைமுகம் திறக்கப்பட்டபின் அப்பகுதியைச் சுற்றியே புதிய நகரம் வளர்ந்தது. 1905இல் சியோலிலிருந்து வந்த ரயில்பாதையும், 1925இல் ஜின்ஜுவிலிருந்து இங்கு மாற்றப்பட்ட தெற்குக் கியோங்சாங் மாகாணத் தலைநகரும் அதன் முதன்மையை உறுதிசெய்ய, 1942இல் தோங்நேயே பூசானுக்குள் இணைக்கப்பட்டது.

1950–53 கொரியப் போரின் பெரும்பகுதியில் பூசான் தற்காலிகத் தலைநகராக விளங்கியது. அகதிகள் திரண்டு வந்து மலைச்சரிவுகளில் குடிசைகள் அமைத்தனர். 1955இல் மக்கள்தொகை 10 லட்சத்தைக் கடந்திருந்தது. இப்பெருக்கத்தை நிர்வகிக்க 1957இல் ஜுங், சோ, தோங், யோங்டோ, பூசான்ஜின், தோங்நே என ஆறு பிரிவுகள் உருவாக்கப்பட்டன. 1963இல் நகரம் மாகாணத்திலிருந்து பிரிக்கப்பட்டு, மைய அரசின் நேரடிப் பொறுப்பில் வந்தது. அதன்பின் விரிவடைந்த புறப்பகுதிகள் ஒவ்வொன்றாகத் தனிப்பிரிவுகளாயின: 1975இல் நாம், 1978இல் புக், 1980இல் ஹேவுண்டே, 1983இல் சாஹா, 1988இல் கும்ஜோங், 1989இல் காங்சோ. 1995இல் யோன்ஜே, சுயோங், சாசாங் ஆகியவை பிரிந்ததுடன், யாங்சானைச் சேர்ந்திருந்த கிஜாங் பகுதி 'குன்' தகுதியோடு இணைக்கப்பட்டது.

இந்த வரலாற்றின் தடம் பரப்பளவிலும் தெரிகிறது. பழைய துறைமுக மையமான ஜுங் மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்புடையது. கழிமுகத்தில் உள்ள காங்சோவோ 180 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிந்து, கிம்ஹே விமான நிலையத்தையும் 2006இல் திறக்கப்பட்ட புதிய துறைமுகத்தின் ஒரு பகுதியையும் கொண்டுள்ளது. நகர மன்றக் கட்டடமும் 1998இல் ஜுங்கிலிருந்து, முன்பு தோங்நேயின் பகுதியாக இருந்த யோன்ஜேவுக்கு இடம்பெயர்ந்ததால், துறைமுகம் ஈர்த்துக்கொண்ட ஆட்சி மையம் மீண்டும் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தது.