கட்டி தட்டின யூரியாவும் பழவேற்காட்டு வெடிமருந்தும்

போன வாரம் நெல்லுக்கு மேலுரம் போடலாம்னு யூரியா மூட்டையைப் பிரிச்சா, உள்ளே பாறாங்கல்லு மாதிரி கிடக்கு. மண்வெட்டிக் காம்பால தட்டித் தட்டித் தூவினேன். இப்போ கட்டி விழுந்த இடத்துல பயிர் கருகிடுச்சு, மத்த இடம் வெளுத்து நிக்குது. எல்லாம் ஐப்பசி மழை ஈரமும் பழவேற்காடு ஏரிக் காத்தும் பண்ற வேலை.

இதே காத்தோட நமக்கு முன்னாடி மல்லுக்கட்டினவங்க டச்சுக்காரங்க. 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையும் நடந்தது. கிழக்கே இருந்த டச்சுத் துறைமுகங்கள் பலவற்றுக்கும், ஊர் திரும்பும் கப்பல்களுக்கும் மருந்து இங்கிருந்தே போனது.

வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். கரி காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். வெடியுப்பு சுத்தமா இல்லாட்டி அதுவும் இழுக்கும். துகள் மேல மெல்லிசா தண்ணி படிஞ்சா பக்கத்துத் துகளைப் பிடிச்சுக்கும். அந்தத் தண்ணியில கரைஞ்ச உப்பு, காயும்போது பாலம் கட்டின மாதிரி இறுகிடும். அதுதான் கட்டி. என் யூரியாவுக்கும் இதே கதைதான்.

தீபாவளிக்கு நமுத்துப் போன பட்டாசு புஸ்ஸுன்னு போனா நாம சிரிச்சுட்டுப் போயிடுவோம். நடுக்கடல்ல பீரங்கி அப்படிப் போனா கப்பலே போச்சு.

அதுக்கு அந்தக் காலத்துலேயே ஒரு வழி இருந்தது: மருந்தை மணியாக்குறது. வேடிக்கை என்னன்னா, அதுக்கும் தண்ணிதான் வேணும். கலவையை ஈரமாக்கி, அழுத்திக் கட்டியாக்கி, உடைச்சு, சலிச்சு, காயவெப்பாங்க. வீட்டுல பாருங்க, மைதா கட்டி தட்டும். ரவை கையிலிருந்து சரசரன்னு கொட்டும். மணி பெருசானா ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற இடம் குறையும். மருந்துன்னா, மணிகளுக்கு நடுவுல இருக்கிற சந்துல தீயும் வேகமாப் பாயும்.

யூரியாவும் மணிதான். ஆனா மணியா இருந்தா மட்டும் போதாது. வெடிமருந்தை மூடின பீப்பாயில வெச்சாங்க. நான் மூட்டையை வெறுந்தரையில போட்டு, வாயையும் சரியாக் கட்டாம விட்டுட்டேன்.

1690-ல் டச்சுக்காரங்க தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 1825-ல் பழவேற்காடும் வெள்ளைக்காரன் கைக்கு வந்தது. கோட்டை இன்னைக்குப் புதர் மண்டின மேடு. அந்தப் பக்கம் கருவாடு காயவைக்கிற அக்கா ஒருத்தங்க காத்தை மோந்து பார்த்துட்டு, "இன்னைக்குக் காயாது தம்பி, மூடி வை"ன்னாங்க.

வீட்டுக்கு வந்ததும் மிச்ச மூட்டையைப் பலகை மேல ஏத்தி, வாயை இறுக்கிக் கட்டிட்டேன்.