வீட்டுத்தோட்ட விதை சேமிப்பு

வீட்டுத்தோட்டக் காய்கறிகளில் தேர்ந்த செடிகளின் காய்களை முற்றவிட்டு, அவற்றின் விதையை அடுத்த பட்டத்துக்கு எடுத்துவைக்கும் மரபுமுறை. வெண்டை, கத்தரி, தக்காளி, அவரை ஆகியவை பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை உடையவை. ஆகவே இவற்றின் இனத்தூய்மை காப்பது ஒப்பீட்டளவில் எளிது. பூசணி, சுரை, பீர்க்கு ஆகியவற்றில் ஆண், பெண் பூக்கள் தனித்தனி. ஒரே இனத்தின் இரு வகைகள் அருகருகே இருந்தால் பூச்சிகளால் கலப்பு நேரும். ஆகவே மலரவிருக்கும் பூக்களை மூடிக் கட்டி, மலர்ந்ததும் கையால் மகரந்தம் சேர்ப்பர். வீரிய ஒட்டுரக விதைகள் அடுத்த தலைமுறையில் பண்பு மாறுவதால் சேமிப்புக்கு ஏற்றவையல்ல.

கத்தரிப்பழம் மஞ்சளாகப் பழுத்தபின் விதை எடுக்கப்படும். தக்காளி விதையைச் சாற்றோடு ஓரிரு நாள் புளிக்கவிட்டுக் கழுவுவர். முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கையே அதன் விதைக்குக் கலம். விதைகளை நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைப்பது பழைய வழக்கம். உலர்த்தலே மிக முக்கியமானது: விதையின் ஈரம் 1 விழுக்காடு குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும். புதுச்சேரியின் குருசுக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றின் ஈரப்பதம் மிகுதி என்பதால் காற்றுப்புகாக் கலம் இன்றியமையாதது.

புதுச்சேரியை அடுத்து 1968இல் நிறுவப்பட்ட ஆரோவில்லில், அரிக்கப்பட்ட நிலத்தை மீட்டு உருவான பெப்பிள் கார்டன் மரபுக் காய்கறி விதைகளைப் பாதுகாத்துவருகிறது. இவ்வட்டாரத்தின் மதிப்புமிக்க முயற்சி இது.

பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001 விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் வணிகப்பெயரின்றி விற்கவும் உழவருக்கு உரிமை அளிக்கிறது.