வடிசாலைச் சுற்றுலா (ஸ்காட்லாந்து)

ஸ்காட்லாந்தின் விஸ்கி வடிசாலைகளுக்குக் காலையில் போய், தொழிலைப் பார்த்து, சுவைத்து, மாலையில் திரும்புவது இன்று அந்நாட்டுச் சுற்றுலாவின் முக்கியக் கூறு. அங்கே சாராயம் வடித்ததற்கான எழுத்துச் சான்று 1494ஆம் ஆண்டின் அரசுக் கணக்கேட்டிலேயே இருக்கிறது. வடிசாலைக் கதவு வெளியாருக்குத் திறந்ததோ 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

மூடி வைத்ததற்குக் காரணம் வரி. 1644இல் விதிக்கப்பட்ட கலால் வரி ஏற ஏற, மலைநாட்டார் ஓடைக்கரைகளில் வடிகலமான வாலையை மறைத்துவைத்துக் காய்ச்சினர். 1822இல் எடின்பரோவுக்கு வந்த மன்னர் நான்காம் ஜார்ஜ் விரும்பிக் கேட்ட கிளென்லிவெட் பள்ளத்தாக்கு விஸ்கியும் வரி கட்டாத சரக்கே. மறு ஆண்டு வந்த சட்டம், ஆண்டுக்கு 10 பவுண்டு கட்டினால் உரிமம் என்று வழி திறந்தது. 1824இல் உரிமம் வாங்கிய கிளென்லிவெட் குடியானவர் ஜார்ஜ் ஸ்மித்தை, கள்ளத்தனமாகக் காய்ச்சிவந்த அக்கம்பக்கத்தார் துரோகியாகவே பார்த்தனர். அவர் இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கிகளோடு நடமாட வேண்டியிருந்தது.

உரிமம் வந்த பிறகும் பூட்டுகள் குறையவில்லை. வாலையிலிருந்து இறங்கும் சாராயம் பித்தளைச் சட்டமிட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றின் வழியே ஓடும்; அதன் சாவி அப்போது கலால் அதிகாரியிடம் இருந்தது. முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் பிரித்தெடுக்கும் தொழிலாளி, பெட்டிக்கு வெளியே உள்ள கைப்பிடிகளைத் திருப்பித்தான் வேலை செய்வார். சாராயத்தைத் தொட முடியாது. அதிகாரிகள் ஆலை வளாகத்திலேயே குடியிருக்கும் முறை 1983 வரை நீடித்தது.

இதற்கிடையே அழைப்பின் பேரில் உள்ளே போனவர்களும் உண்டு. 1848இல் பால்மோரல் மாளிகை அருகே வடிசாலை நடத்திய ஜான் பெக், பக்கத்தில் தங்கியிருந்த விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட்டுக்கு அழைப்பு அனுப்பினார். மறுநாளே அரச குடும்பம் வந்து இறங்கியது. ஆலைக்கு அரச முத்திரையும் கிடைத்தது. ஆல்ஃபிரட் பர்னார்ட் என்ற பத்திரிகையாளர் 1885 முதல் இரண்டு ஆண்டுகள் ரயிலிலும் குதிரை வண்டியிலும் அலைந்து, ஸ்காட்லாந்தில் மட்டும் 129 வடிசாலைகளைப் பார்த்து எழுதினார். கட்டட அளவுகள் வரை குறித்த அவர் நூல் வரலாற்றாசிரியர்களுக்கு இன்றும் உதவுகிறது.

பொதுமக்களை அழைக்க ஆலைகளுக்கு அப்போது தேவை எழவில்லை. பெரும்பாலான சரக்கு கலப்பு விஸ்கி நிறுவனங்களுக்கே போனது. எந்த ஆலையில் வடித்தது என்று குடிப்பவர் கேட்டதில்லை. 1963இல் ஒரே ஆலையில் வடித்த மால்ட் விஸ்கியை வெளிநாடுகளில் விற்கத் துணிந்த கிளென்ஃபிடிக் வடிசாலை, 1969இல் டஃப்டவுனில் பார்வையாளர் மையம் திறந்தது. ஆலையின் பெயரே விலைபோகும் பண்டமான பின், மற்றவையும் அந்த வழிக்கு வந்தன. 2019இல் வருகைகள் 20 லட்சத்தைத் தாண்டின.

சுற்று பெரும்பாலும் தொழில் நடக்கும் வரிசையிலேயே போகும்: முளைகட்டிய பார்லி, வெந்நீர்த் தொட்டி, ஊறல், செப்பு வாலை, கிடங்கு. ஊறல் தொட்டியின் மூடியைத் தூக்கி முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள். கரியமில வாயு மூக்கில் ஏறி ஆளைப் பின்னுக்குத் தள்ளும். குளிர்ந்த கிடங்கின் ஓக் பீப்பாய்களில் சட்டப்படி குறைந்தது மூன்று ஆண்டு சாராயம் முதிர வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிவிடும்.

2014 டிசம்பரில் ஸ்காட்லாந்து, வாகன ஓட்டிகளின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அனுமதிக்கும் மது அளவை 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்தது. அதனால் சுற்றில் சுவைக்கத் தரும் விஸ்கியில் காரோட்டி வருபவரின் பங்கை வீட்டுக்கு எடுத்துப்போகச் சிறு குப்பியில் ஊற்றித் தருவது இப்போது பல ஆலைகளில் வழக்கம்.